864 அணுக்களாலான ஒரு திரவம்: எளிய மாதிரிப் பாய்மங்களைக் கணினி அளக்கும் விதம்

ஒவ்வொரு பக்கமும் 3.48 நானோமீட்டர் நீளமுள்ள ஒரு கனசதுரப் பெட்டி, அதற்குள் 864 ஆர்கான் அணுக்கள், வெப்பநிலை 94.4 கெல்வின். 1964ஆம் ஆண்டு அனீசுர் ரஹ்மான் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் திரவம் இவ்வளவுதான். அமெரிக்காவின் ஆர்கோன் தேசிய ஆய்வகத்தில் இருந்த சிடிசி 3600 கணினியின் நினைவகத்தைத் தவிர வேறெங்கும் அந்தத் திரவம் இருந்ததில்லை. (ஆர்கான் வாயுவுக்கும் ஆர்கோன் ஆய்வகத்துக்கும் உறவில்லை. முன்னது ‘சோம்பேறி’ என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பின்னது பிரான்சின் ஒரு காட்டுப் பெயர் வழியாக வந்தது. தமிழில் எழுதும்போதுதான் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் போலத் தோன்றுகின்றன.) 1927இல் ஹைதராபாத்தில் பிறந்த ரஹ்மான், ஒவ்வோர் அணுவின்மீதும் மற்ற அணுக்கள் செலுத்தும் விசையைக் கணக்கிட்டு, நியூட்டனின் இயக்க விதிப்படி அதை ஒரு நொடியின் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்கு நகர்த்தி, மீண்டும் விசையைக் கணக்கிட்டு, மீண்டும் நகர்த்தினார். இப்படிக் கிடைத்த பாதைகளிலிருந்து அவர் பெற்ற விரவல் கெழு (அணுக்கள் திரவத்துக்குள் எவ்வளவு விரைவாகப் பரவுகின்றன என்பதன் அளவு) நொடிக்கு 0.0000243 சதுர சென்டிமீட்டர். மெய்யான திரவ ஆர்கானில் அளந்த மதிப்புகளும் அதன் அருகிலேயே இருந்தன.

ஒரு கைப்பிடி ஆர்கானில் உள்ள அணுக்களை எண்ணில் எழுதவே இருபதுக்கும் மேற்பட்ட இலக்கங்கள் வேண்டும். அப்படியிருக்க, வெறும் 864 அணுக்களை வைத்துக்கொண்டு ஒரு திரவத்தின் இயற்பியல் பண்பைச் சொல்ல முடிவது எப்படி? சொன்ன விடை ஏன் நம்பத்தக்கது, எந்த அளவுக்கு நம்பத்தக்கது? அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு மடிக்கணினியிலேயே லட்சக்கணக்கான அணுக்களை ஓடவிட முடிகிற இன்றைக்கும் இந்தக் கேள்விகளின் கூர்மை மழுங்கிவிடவில்லை.

வாயுவைப் பற்றிப் பேசக் கோட்பாடு இருக்கிறது. அதில் மூலக்கூறுகள் பெரும்பாலான நேரம் ஒன்றையொன்று விட்டு விலகித் திரிகின்றன. மோதினாலும் இரண்டிரண்டாகவே மோதுகின்றன. படிகத்துக்கும் கோட்பாடு இருக்கிறது. அங்கே ஒவ்வோர் அணுவுக்கும் குறித்த இடம் உண்டு. அந்த இடத்தைச் சுற்றிய சிறு அதிர்வுகளைக் கணக்கிட்டால் பெரும்பாலான பண்புகள் கைக்கு வந்துவிடும். திரவமோ இரண்டு வீட்டுக்கும் பொதுவான பிள்ளை. அணுக்கள் ஏறத்தாழப் படிகத்தில் உள்ளதுபோலவே நெருக்கமாக இருக்கின்றன (உருகும்போது ஆர்கானின் கன அளவு சுமார் 14 சதவீதம்தான் கூடுகிறது), ஆனால் எந்த அணுவுக்கும் சொந்த இடம் கிடையாது. வாயுவில் அடர்த்தி சிறியது, படிகத்தில் இடப்பெயர்ச்சி சிறியது; கோட்பாட்டாளர் பிடித்துக்கொண்டு ஏறுவதற்கு அதுபோன்ற சிறிய அளவு எதுவும் திரவத்தில் இல்லை. வான் டெர் வால்ஸ் 1873இல் தம் முனைவர் ஆய்வேட்டில் தந்த சமன்பாடு, வாயுவும் திரவமும் ஒரே பொருளின் தொடர்ச்சிதான் என்பதை அழகாகக் காட்டியது. ஆனால் அணுக்கள் எப்படி அமர்ந்திருக்கின்றன என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

கணினி இல்லாமல், அந்த அமர்வைக் கையாலேயே கட்டிப் பார்த்தவர் லண்டனில் பணியாற்றிய இயற்பியலாளர் ஜே. டி. பெர்னல். ரப்பர்ப் பந்துகளை வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளால் இணைத்து, எந்த ஒழுங்கும் வந்துவிடாமல் ஒரு திரவ மாதிரியை உருவாக்க முயன்றார். தம் அலுவலக அறையிலேயே, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாராவது வந்து குறுக்கிட, விட்ட இடத்தில் என்ன செய்தோம் என்பது நினைவில்லாமலே தொடர்ந்ததாக அவர் எழுதியிருக்கிறார். கதவைத் தட்டியவர்கள்தான் அவருடைய சமவாய்ப்பு எண்கள். அந்த மாதிரியில் இருந்த குறை ஒன்றே: பந்துகள் அசையவில்லை. அசையாத திரவத்துக்கு வெப்பநிலையும் இல்லை, அழுத்தமும் இல்லை.

கணினிக்குள் போகும் மாதிரிப் பாய்மம் என்பது, இரண்டு அணுக்கள் ஒரு குறிப்பிட்ட தொலைவில் இருக்கும்போது அவற்றுக்கிடையிலான ஆற்றல் எவ்வளவு என்று சொல்லும் ஒரே ஒரு விதிதான். மிக எளிய விதி கடினக் கோளங்களுக்கானது. இரண்டு கோளங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியக் கூடாது, அவ்வளவே. தொடாதவரை அவற்றுக்கிடையே ஈர்ப்பும் இல்லை, விலக்கமும் இல்லை. அடுத்த எளிய விதியை 1924இல் தந்தவர் ஜான் எட்வர்ட் ஜோன்ஸ். மறு ஆண்டு காத்லீன் லென்னார்டை மணந்து, மனைவியின் குடும்பப் பெயரையும் சேர்த்துக்கொண்டு லென்னார்ட்-ஜோன்ஸ் ஆனவர். இன்று அவர் பெயரால் வழங்கும் வடிவத்தில், தொலைவில் இருக்கும் அணுக்களுக்கிடையிலான ஈர்ப்பு ஆற்றல் தொலைவின் ஆறாம் அடுக்குக்கு எதிர்விகிதமாகக் குறைகிறது. நெருங்கும்போது எழும் விலக்கம் பன்னிரண்டாம் அடுக்குக்கு எதிர்விகிதமாக ஏறுகிறது. ஆறுக்கு இயற்பியல் காரணம் உண்டு. பன்னிரண்டுக்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. ஆறின் இருமடங்கு என்பதால் கணக்கிட எளிது. இந்த விதியில் இரண்டே எண்கள்: சிக்மா என்பது அணுவின் விட்டம், எப்சிலான் என்பது ஈர்ப்புக் குழியின் ஆழம். ஆர்கானுக்குச் சிக்மா 0.34 நானோமீட்டர், எப்சிலானை வெப்பநிலையாக மாற்றிச் சொன்னால் 120 கெல்வின். எல்லா நீளங்களையும் சிக்மாவாலும் எல்லா ஆற்றல்களையும் எப்சிலானாலும் அளந்துவிட்டால், ஒரே கணக்கீடு ஆர்கானுக்கும் கிரிப்டானுக்கும் செனானுக்கும் ஓரளவு மீத்தேனுக்கும் பொருந்தும்.

விதியைக் கையில் வைத்துக்கொண்டு பண்புகளைக் கணக்கிட இரண்டு வழிகள் உள்ளன. முதலில் வந்தது மான்டே கார்லோ. 1953இல் லாஸ் அலமாஸில், மேனியாக் என்ற கணினியில், இருபரிமாணத் தளத்தில் 224 கடின வட்டுகளை வைத்து அது செய்யப்பட்டது. ஒரு துகளைச் சமவாய்ப்பு முறையில் சிறிது நகர்த்திப் பார்க்க வேண்டும். ஆற்றல் குறைந்தால் நகர்வை ஏற்க வேண்டும். கூடினால், எவ்வளவு கூடியது என்பதைப் பொறுத்த ஒரு நிகழ்தகவின்படி ஏற்கவோ மறுக்கவோ வேண்டும். மறுத்தாலும் பழைய நிலையை மீண்டும் ஒருமுறை எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும். புதிதாக நிரல் எழுதுவோர் தவறவிடுவது இந்த இடத்தைத்தான். கட்டுரையில் ஐந்து பெயர்கள் இருந்தாலும் முறைக்கு முதற்பெயரான மெட்ரோபோலிஸின் பெயரே நிலைத்துவிட்டது. அவருடைய பங்கு கணினி நேரம் தந்தது மட்டுமே என்று உடன் எழுதிய மார்ஷல் ரோசன்புளூத் பின்னாளில் நினைவுகூர்ந்தார். நிரலை எழுதியவர் அரியானா ரோசன்புளூத். இரண்டாவது வழியான மூலக்கூறு இயங்கியல், லிவர்மோரில் பெர்னி ஆல்டரும் டாம் வெய்ன்ரைட்டும் தொடங்கியது. அவர்களுக்கு நிரல் எழுதியவர் மேரி ஆன் மான்சிக். ரஹ்மான் செய்ததும் இதுவே: நியூட்டன் விதிப்படி ஓடவிட்டு, காலப்போக்கில் சராசரி எடுப்பது. மான்டே கார்லோவில் காலம் என்று ஒன்று இல்லை. ஆகவே அழுத்தம், ஆற்றல் போன்ற சமநிலைப் பண்புகளை அது தரும், விரவலையும் பாகுநிலையையும் தராது. சமநிலைப் பண்புகளில் இரண்டு முறைகளும் ஒரே விடையைத் தந்தாக வேண்டும். இந்த ஒப்பீடே ஆரம்ப காலத்தில் பல தவறுகளைக் காட்டிக்கொடுத்தது.

இனி அந்த 864. ஆயிரம் அணுக்களைப் பத்துக்குப் பத்துக்குப் பத்தாக அடுக்கினால், அவற்றில் 488 அணுக்கள் வெளிப்புறத்தில் இருக்கும். பாதித் திரவம் சுவரைத் தொட்டுக்கொண்டிருந்தால், நாம் அளப்பது திரவத்தை அல்ல, சுவரை. இதற்குக் கண்டுபிடித்த தீர்வு, பழைய கைபேசிகளில் பாம்பு விளையாட்டு ஆடியவர்களுக்கு நன்கு தெரிந்ததுதான். வலப்பக்கம் வெளியேறும் அணு அதே கணத்தில் இடப்பக்கம் உள்ளே வரும். பெட்டிக்குச் சுவரே கிடையாது; அது எல்லாத் திசையிலும் தன்னையே நகலெடுத்துக்கொண்டு முடிவின்றி நீள்கிறது. எண்ணிக்கை 864 ஆனதற்குக் காரணம், அணுக்களைத் தொடக்கத்தில் பெரும்பாலும் முகப்பு மையக் கனசதுரப் படிகமாக அடுக்குவதுதான். அதன் ஓர் அலகில் நான்கு அணுக்கள். பக்கத்துக்கு ஆறு அலகுகள் வைத்தால் 4 பெருக்கல் 216. பழைய கட்டுரைகளில் 32, 108, 256, 500 என்று அடிக்கடி தென்படும் எண்களும் இதே வாய்பாட்டில் வருபவை.

கடினக் கோளங்களுக்குத் திரும்புவோம், ஏனென்றால் இந்தத் துறை உலகுக்குத் தந்த முதல் வியப்பு அங்கேதான் இருக்கிறது. ஈர்ப்பே இல்லாத கோளங்கள் உறையுமா? உறைதல் என்றாலே அணுக்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்வது என்றுதான் நாம் நினைக்கிறோம். பற்றிக்கொள்ள எதுவும் இல்லாத இடத்தில் படிகம் எதற்காக உண்டாக வேண்டும்? 1957இல் நியூஜெர்சியில் நடந்த ஒரு கருத்தரங்கில் ஜார்ஜ் ஊலன்பெக் இதை வாக்கெடுப்புக்கே விட்டார்; அவையின் கருத்து ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரிந்தது. அதே ஆண்டு ஆல்டரும் வெய்ன்ரைட்டும் மூலக்கூறு இயங்கியல் வழியாகவும், உட்டும் ஜேக்கப்சனும் மான்டே கார்லோ வழியாகவும் தத்தம் விடைகளை ஒரே இதழில் வெளியிட்டார்கள். கோளங்கள் உறைகின்றன. ஒரே அடர்த்தியில் இரண்டு வேறு அழுத்தங்கள், அதாவது இரண்டு கிளைகள், தெரிந்தன. சிறிய அமைப்பு சில நேரம் ஒரு கிளையிலிருந்து மற்றதற்குத் தாவியது.

ஏன் உறைகின்றன என்பதை இடத்தைக் கொண்டு புரிந்துகொள்ளலாம். பழக்கடையில் ஆரஞ்சுப் பழங்களைக் கோபுரமாக அடுக்கும் முறையில் கோளங்கள் மொத்த இடத்தில் 74 சதவீதத்தை நிரப்புகின்றன. அதே பழங்களைக் கூடையில் கொட்டிக் குலுக்கினால் 64 சதவீதத்துக்குமேல் போக மறுக்கின்றன. இப்போது கோளங்கள் 55 சதவீத இடத்தை நிரப்பியிருக்கும் ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஒழுங்கின்றிக் கிடந்தால் ஒவ்வொரு கோளமும் தன் நெரிசல் எல்லைக்கு மிக அருகில் இருக்கிறது, அசைய இடமில்லை. வரிசையாக அமர்ந்துவிட்டால் எல்லை இன்னும் தொலைவில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் தன் இடத்தைச் சுற்றிப் புரள அதிக வெளி கிடைக்கிறது. ஒழுங்கு என்பது என்ட்ரோபிக்கு (அணுக்கள் அமையக்கூடிய விதங்களின் அளவுக்கு) எதிரி என்று பள்ளியில் படித்ததை இங்கே சற்றுத் தள்ளிவைக்க வேண்டியிருக்கிறது: அணுக்கள் எங்கே அமர்கின்றன என்பதில் இழந்த என்ட்ரோபியை, அமர்ந்த இடத்தில் கிடைக்கும் அசைவு வெளி வட்டியோடு திருப்பித் தருகிறது. எந்த அடர்த்தியில் இந்தப் பேரம் படிகிறது என்பதைத் துல்லியமாகச் சொல்ல 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஹூவரும் ரீயும் அந்த ஆண்டு இரு நிலைகளின் கட்டற்ற ஆற்றலையும் (எந்த நிலை நிலைக்கும் என்பதைத் தீர்மானிக்கும் அளவு) கணக்கிட்டு, பொதிவு விகிதம், அதாவது கோளங்கள் நிரப்பும் இடத்தின் பங்கு, 0.494 வரை பாய்மம், 0.545க்கு மேல் படிகம், இடையில் இரண்டும் சேர்ந்திருக்கும் என்று காட்டினார்கள். வெப்பநிலைக்கு இந்த மாதிரியில் பங்கே இல்லை; சூடாக்கினால் எல்லாம் வேகமாக ஓடும், அவ்வளவுதான்.

1986இல் பூசியும் வான் மேகனும், ஒரு மைக்ரோமீட்டரினும் சிறிய பிளாஸ்டிக் கோளங்களைத் திரவத்தில் மிதக்கவிட்டு, அவை ஏறத்தாழ இதே வரிசையில் உறைவதைச் சோதனைக் குழாய்களில் நேரடியாகக் காட்டினார்கள். எந்த அணுவையும் குறிக்காமல் கற்பனையாகப் பிறந்த ஒரு மாதிரிக்கு, முப்பதாண்டு கழித்து மெய்யான பொருளே வந்து சேர்ந்தது. கணிப்பு முதலில், பொருள் பிறகு என்ற இந்த வரிசை இயற்பியலில் அரிது.

ரஹ்மானின் ஆர்கானை ஒரு வெற்றிக் கதையாகவே பெரும்பாலும் சொல்வார்கள், அது சரியும்கூட. ஓர் அணுவைச் சுற்றி மற்ற அணுக்கள் எந்தத் தொலைவில் எவ்வளவு அடர்ந்திருக்கின்றன என்று அவர் வரைந்த வளைவில் 3.7, 7.0, 10.4 ஆங்ஸ்ட்ராம் (ஓர் ஆங்ஸ்ட்ராம் 0.1 நானோமீட்டர்) தொலைவுகளில் முகடுகள் வந்தன. எக்ஸ்-கதிர்ச் சிதறல் காட்டிய அமைப்போடு அது ஒத்துப்போனது. எந்த ஆய்வகக் கருவியும் அன்று நேரில் காட்ட முடியாத ஒன்றையும் அவர் கண்டார். ஓர் அணுவின் திசைவேகம் சிறிது நேரத்தில் சராசரியாக எதிர்த்திசைக்குத் திரும்புகிறது. அதாவது அண்டை அணுக்கள் ஒரு கூண்டுபோல நின்று அதைத் திருப்பி அனுப்புகின்றன. ஆனால் எண்கள் ஒத்துப்போவதை நான் சற்றுக் குறைவாகவே மதிப்பேன். மெய்யான ஆர்கானில் இரண்டு அணுக்களுக்கிடையிலான விசை மூன்றாவது அணு அருகில் இருந்தால் மாறும். ஆக்சில்ராடும் டெல்லரும் 1943இலேயே அதற்கான கோவையை எழுதியிருந்தார்கள். லென்னார்ட்-ஜோன்ஸ் விதியில் மூன்றாமவருக்கு இடமில்லை. தனித்த இரண்டு ஆர்கான் அணுக்களுக்கிடையிலான உண்மைக் குழியின் ஆழம் 120 கெல்வினைவிடக் கணிசமாக அதிகம். ஆகவே 120 என்பது அணு இணையின் பண்பு அல்ல. கூட்டத்தின் விளைவையும் தனக்குள் விழுங்கிக்கொண்ட ஒரு சமரச எண். மாதிரியின் இரண்டு பிழைகள் ஒன்றையொன்று பெருமளவு ஈடுசெய்வதால்தான் விடை நன்றாக வருகிறது.

அந்த ஈடுசெய்தல் எங்கே தளர்கிறது என்பதைப் பார்க்க முடிகிறது. முழு லென்னார்ட்-ஜோன்ஸ் பாய்மத்தின் மும்மைப் புள்ளி (திண்மம், திரவம், வாயு மூன்றும் சேர்ந்திருக்கும் வெப்பநிலை), எப்சிலான் அலகில், 0.69 அளவில் இருக்கிறது. 120ஆல் பெருக்கினால் 83 கெல்வின். மெய்யான ஆர்கானுக்கு 83.8. இதைவிட நல்ல பொருத்தத்தைக் கேட்க முடியாது. மாறுநிலை வெப்பநிலை (அதற்கு மேல் திரவம், வாயு என்ற வேறுபாடே இல்லை) 1.31; பெருக்கினால் 157 கெல்வின். மெய்யான ஆர்கானுக்கு 150.7. ஆறு கெல்வின் வித்தியாசம் ஆய்வகத்தில் ஒரு பெரும் பிழை. ஆனால் அது கணக்கீட்டின் பிழையல்ல, மாதிரியின் பிழை. 1.31 என்ற எண் பல குழுக்கள் வெவ்வேறு முறைகளில் கணக்கிட்டு உறுதிசெய்தது. ஆர்கான் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அது சரியே. எளிய மாதிரிகளின் பயன் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒரு கோட்பாட்டை ஆய்வகச் சோதனையோடு நேராக ஒப்பிட்டு இரண்டும் பொருந்தாமல் போனால், விசை விதி தவறா, அந்த விதியிலிருந்து விடைக்கு வந்த கணிதத் தோராயம் தவறா என்று சொல்ல முடியாது. கணினிச் சோதனையில் விசை விதி நாமே விதித்தது. ஆகவே கோட்பாடு அதோடு பொருந்தாவிட்டால் தவறு தோராயத்தில்தான். கணினிச் சோதனை ஆய்வகத்தோடு பொருந்தாவிட்டால் தவறு விசை விதியில்தான். கடினக் கோளப் பாய்மத்துக்கு 1969இல் கார்னஹானும் ஸ்டார்லிங்கும் எழுதிய, ஒரே வரியில் அடங்கும் அழுத்தச் சமன்பாடு இந்த உரைகல்லில் உரசித்தான் ஏற்கப்பட்டது.

உரைகல்லே மாற்றுக் குறைந்ததாக இருந்துவிட்டால்? லென்னார்ட்-ஜோன்ஸ் ஈர்ப்பு கொள்கையளவில் முடிவிலி வரை நீள்கிறது. கணினியில் எங்காவது வெட்டியாக வேண்டும். வழக்கமாக வெட்டும் இடம் 2.5 சிக்மா. அந்தத் தொலைவில் மிஞ்சியிருக்கும் ஈர்ப்பு, குழியின் ஆழத்தில் 1.6 சதவீதம்தான். இவ்வளவு சிறியதை விட்டால் என்ன என்றுதான் எவருக்கும் தோன்றும். வெட்டி, விளிம்பில் ஆற்றல் சுழியாகும்படி வளைவைச் சற்று மேலே தூக்கிவைத்தால், மாறுநிலை வெப்பநிலை 1.31இலிருந்து ஏறத்தாழ 1.08க்கு இறங்கிவிடுகிறது. ஆர்கான் கணக்கில் 157 கெல்வின் 130 ஆகிவிடுகிறது. காரணம் எண்ணிக்கை: ஒவ்வோர் இணையின் பங்கும் அற்பம், ஆனால் தொலைவு கூடக்கூட இணைகளின் எண்ணிக்கை தொலைவின் வர்க்கமாகப் பெருகுகிறது. சிக்மா பக்கமுள்ள கனசதுரத்துக்குச் சராசரியாக 0.8 அணு என்ற அடர்த்தி உள்ள திரவத்தில், வெட்டுக்கு அப்பால் நாம் கைவிட்ட ஈர்ப்பு மட்டுமே அணு ஒன்றுக்கு 0.43 எப்சிலான். சிறுதுளி பெருவெள்ளம் என்பதற்கு இதைவிடத் துல்லியமான எண்ணை நான் பார்த்ததில்லை. அடர்த்தி எங்கும் சீராக இருக்கும் திரவத்தில் இந்த வாலைக் கையாலேயே கணக்கிட்டுச் சேர்த்துவிடலாம். திரவமும் ஆவியும் ஒரே பெட்டியில் இடைமுகத்தோடு இருக்கும்போது அது அவ்வளவு எளிதல்ல. பரப்பு இழுவிசைக்கு வெவ்வேறு கட்டுரைகள் வெவ்வேறு மதிப்புகள் தந்ததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். ‘லென்னார்ட்-ஜோன்ஸ் பாய்மம்’ என்று மட்டும் எழுதி, எங்கே வெட்டினோம், வளைவைத் தூக்கினோமா என்பதைச் சொல்லாத கட்டுரை ஓர் அலகை எழுதாமல் விட்ட அளவீட்டுக்குச் சமம்.

நகரும் பண்புகளுக்கு வரும்போது பெட்டியின் அளவே கணக்கில் புகுந்துவிடுகிறது. பாகுநிலையை அளக்கத் திரவத்தைக் கலக்க வேண்டியதில்லை. சமநிலையில் அமைதியாக இருக்கும் பெட்டியிலேயே உள்தகைவு (திரவத்தின் பகுதிகள் ஒன்றன்மீது ஒன்று செலுத்தும் விசை) ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது, அந்த ஏற்ற இறக்கத்தின் நினைவு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதிலிருந்து பாகுநிலை கிடைக்கிறது. 1950களில் கிரீனும் கூபோவும் நிறுவிய இந்த உறவு, கணினிச் சோதனைகளுக்கென்றே செய்ததுபோல அமைந்துவிட்டது. விரவலுக்கு, அணுக்கள் தொடக்க இடத்திலிருந்து விலகிய தொலைவின் வர்க்கம் காலத்தோடு எப்படி வளர்கிறது என்று பார்த்தால் போதும். ஆனால் ஓர் அணு நகரும்போது சுற்றியுள்ள திரவத்தையும் இழுத்துச் செல்கிறது; பாம்பு விளையாட்டின் எல்லைகள் வழியாக அந்த இழுப்பு பெட்டியைச் சுற்றி வந்து அதே அணுவின்மீது மறுபடி படுகிறது. ஆகவே சிறிய பெட்டியில் விரவல் கெழு எப்போதும் குறைவாகவே வரும்; குறைவின் அளவு பெட்டியின் நீளத்துக்கு எதிர்விகிதம். இதைத் திருத்தும் எளிய வாய்பாடு இன்று பரவலாகப் பயன்படுகிறது. சில நூறு அணுக்களில் இந்தத் திருத்தம் பத்து சதவீதத்தைத் தொடக்கூடும்.

இப்படி அணு தான் கிளப்பிய ஓட்டத்தை மறக்க நேரமெடுக்கிறது என்பதையே 1970இல் ஆல்டரும் வெய்ன்ரைட்டும் கண்டுபிடித்தார்கள். மோதல்கள் ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்ற பழைய கருத்தின்படி, ஓர் அணுவின் தொடக்கத் திசைவேகம் அடுக்குக்குறி வேகத்தில் மறைந்துவிட வேண்டும். கணினியில் அது மறைய மறுத்தது. முப்பரிமாணத்தில் காலத்தின் ஒன்றரை அடுக்குக்கு எதிர்விகிதமாக மெல்லத் தேய்ந்தது. துகளைச் சுற்றியுள்ள திசைவேகங்களைச் சராசரி எடுத்து வரைந்தபோது, துகளின் இருபுறமும் சுழல்கள் தெரிந்தன: படகு முன்னே தள்ளும் நீர் சுற்றிவந்து பின்னாலிருந்து படகையே தள்ளுவதுபோல. அணு அளவிலேயே நீரியக்கவியல் தொடங்கிவிடுகிறது என்பதை எந்தக் கோட்பாட்டாளரும் அதுவரை உரத்துச் சொல்லியிருக்கவில்லை. இருபரிமாணத்தில் தேய்வு இன்னும் மெதுவாக, காலத்துக்கு வெறும் எதிர்விகிதமாக இருப்பதால், அங்கே விரவல் கெழு என்ற அளவே கண்டிப்பான பொருளில் இல்லாமல் போகிறது.

ஒரு நியாயமான ஐயத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். ஓர் அணுவின் இடத்தைப் பதினைந்தாம் தசம இலக்கத்தில் மாற்றினால்கூட, சில ஆயிரம் நேரப் படிகளுக்குள் எல்லா அணுக்களின் பாதையும் முற்றிலும் வேறாகிவிடும். கணினி ஒவ்வொரு படியிலும் கடைசி இலக்கத்தைத் துண்டிக்கிறது. ஆகவே அது காட்டும் பாதை எந்த உண்மையான பாதையும் அல்ல. இருந்தும் சராசரிகள் சரியாக வருகின்றன, ஏனென்றால் நமக்கு வேண்டியது குறிப்பிட்ட பாதை அல்ல, அந்த ஆற்றலில் இயல்பான ஏதாவது ஒரு பாதை. 1967இல் லூப் வெர்லே லென்னார்ட்-ஜோன்ஸ் பாய்மத்துக்குப் பயன்படுத்திய, இன்று அவர் பெயரால் வழங்கும் நகர்த்தும் முறை காலத்தைத் திருப்பினாலும் அப்படியே செல்லுபடியாவது. ஆற்றல் சற்றே ஊசலாடுமே தவிர லட்சக்கணக்கான படிகளுக்குப் பிறகும் ஒரு பக்கமாக ஒழுகிவிடாது. ஒவ்வொரு படியிலும் அதைவிடத் துல்லியமான முறைகள் பல உண்டு. நெடுந்தூரத்தில் அவை தோற்கின்றன.

இவ்வளவு எளிய மாதிரிகளில் இன்னும் என்ன மிச்சம் இருக்கப்போகிறது என்று கேட்கலாம். 1953இல் மேனியாக்கில் ஓடிய அந்த வட்டுகளையே எடுத்துக்கொள்வோம். தளத்தில் கடின வட்டுகள் எப்படி உறைகின்றன என்பதற்கு, 1962இல் ஆல்டரும் வெய்ன்ரைட்டும் 870 வட்டுகளை வைத்து ஒரு விடை சொன்னார்கள்: திரவம் திடீரென்று படிகமாகிறது. 1970களில் எழுந்த கோட்பாடு வேறு சொன்னது: இடையில் ஹெக்சாடிக் என்ற ஒரு நிலை உண்டு, அதில் வட்டுகளின் இட ஒழுங்கு குலைந்தும் திசை ஒழுங்கு மிஞ்சியிருக்கும், இரண்டு மாற்றங்களும் தொடர்ச்சியாகவே நிகழும். எது சரி என்பதில் பல பத்தாண்டுகள் வழக்கு இழுத்தது. பெட்டிகள் எப்போதும் சிறியவையாக இருந்தன. 2011இல் பெர்னார்டும் கிராவுத்தும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட வட்டுகளை, தனித்தனியாக அல்லாமல் சங்கிலியாக நகர்த்தும் புது மான்டே கார்லோ முறையில் ஓடவிட்டு, இரு தரப்பும் பாதிப்பாதி சரி என்று காட்டினார்கள். ஹெக்சாடிக் நிலை உண்டு. திரவம் அதற்குள் நுழைவது திடீர் மாற்றம். அங்கிருந்து திண்மத்துக்குப் போவது தொடர்ச்சியான மாற்றம். முதற்கணினிகளில் ஓடிய ஒரு கேள்விக்கு விடை கிடைக்க 58 ஆண்டுகள் ஆயின.

கடினக் கோளங்களின் கணக்கோ இன்னும் முடியவில்லை. 2001இல் ஆவரும் ஃபிரெங்கெலும், மிகைச்செறிவான (உறையும் அடர்த்தியைத் தாண்டியும் இன்னும் உறையாத) கோளப் பாய்மத்தில் படிகத்தின் முதல் கரு எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை தோன்றும் என்பதைக் கணக்கிட்டார்கள். சரிப்படுத்துவதற்கென்று எந்த எண்ணும் அதில் இல்லை. மாதிரி கடினக் கோளம், சோதனைக் குழாயில் இருப்பதும் ஏறத்தாழக் கடினக் கோளம். செறிவு அதிகமாக உள்ள இடத்தில் இரண்டும் ஓரளவு ஒத்துப்போகின்றன. செறிவு குறையக் குறைய, கணினி சொல்லும் வீதம் அளந்த வீதத்தைவிடப் பல கோடி மடங்கு கீழே இறங்கிவிடுகிறது. கோளங்கள் மெல்ல அடியில் படிவதாலா, சுற்றியுள்ள திரவத்தின் ஓட்டத்தாலா, கோளங்களின் அளவில் உள்ள சிறு வேறுபாட்டாலா, அடர்த்தியை அளப்பதில் வரும் நுண்பிழையாலா என்று ஒவ்வொரு காரணத்தையும் தனித்தனியாகச் சேர்த்துப் பார்த்துவருகிறார்கள். அவற்றில் எந்த ஒன்றும் அந்த இடைவெளி முழுவதையும் ஐயமின்றி நிரப்பிவிட்டதாக இதுவரை ஏற்கப்படவில்லை.